வேட்பாளருக்குப் பணம் கொடுத்தது யார்? எல்லையோர வாக்காளர் அறியக்கூடியதும் அறிய முடியாததும்

வேலந்தாவளம் (பாலக்காடு): தமிழகத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தையும் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தையும் இணைக்கும் வேலந்தாவளம் சாலையில், சட்டப்பேரவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டவுடன் வாகனச் சோதனை கடுமையாகிவிடும். நிலைக் கண்காணிப்புக் குழுவினர் வீடியோ பதிவுடன் வாகனங்களைச் சோதனையிடுவர். காய்கறி, கால்நடை வாங்க வரும் வியாபாரிகள் கையில் எவ்வளவு ரொக்கம் உள்ளது, அதற்கு ரசீது உண்டா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே எல்லையைக் கடக்க வேண்டியிருக்கும்.

வாலையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம், இடுக்கி மாவட்டத்தின் குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என இரு மாநிலங்களும் சந்திக்கும் பிற சாவடிகளிலும் இதே நிலைதான்.

சாமானியர் ஒருவரின் பையில் உள்ள பணத்தை இவ்வளவு கவனமாக எண்ணும் நடைமுறை, அவருடைய வாக்கைக் கேட்டு வரும் வேட்பாளருக்கு வந்து சேரும் பணத்தையும் அதே அளவுக்கு எண்ணுகிறதா? எண்ணினாலும், அந்த விவரம் வாக்காளருக்கு எப்போது தெரியவருகிறது? சட்டமும் விதிகளும் தீர்ப்புகளும் இதற்குத் தரும் பதில் ஒரே சீரானதாக இல்லை.

சாவடியில் என்ன விதி?

தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறைகளின்படி, வேட்பாளர், அவரது முகவர் அல்லது கட்சித் தொண்டர் பயணிக்கும் வாகனத்தில் ரூ.50,000-க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறிமுதல் செய்யலாம். சுவரொட்டி உள்ளிட்ட தேர்தல் பொருட்களை ஏற்றிவரும் வாகனத்துக்கும் இது பொருந்தும். வாக்காளர்களுக்கு வழங்கக்கூடும் என்று கருதப்படும் ரூ.10,000-க்கு மேல் மதிப்புள்ள பரிசுப் பொருட்களும் பறிமுதலுக்கு உரியவை. ரூ.10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் கண்டறியப்பட்டால் வருமான வரித் துறைக்குத் தகவல் தர வேண்டும்.

நடைமுறையில் ரூ.50,000 என்ற அந்த எல்லைக்கோடு பொதுமக்களையும் பாதிக்கிறது. ஆவணம் இல்லாமல் பணம் கொண்டுசெல்லும் விவசாயியும் வியாபாரியும் சிக்கிக்கொள்கின்றனர். இவ்வாறு பிடிபடும் பணத்தைத் திருப்பித் தருவது குறித்து முடிவெடுக்க மாவட்டந்தோறும் மூன்று அதிகாரிகள் கொண்ட குறைதீர்ப்புக் குழு அமைக்கப்படுகிறது. பணத்துக்கும் எந்த வேட்பாளருக்கும் கட்சிக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தால் அதை விடுவிக்க வேண்டும். வழக்கோ புகாரோ பதிவாகாத நிலையில், வாக்குப்பதிவு முடிந்து 7 நாட்களுக்கு மேல் எந்தப் பணத்தையும் நிலுவையில் வைத்திருக்கக் கூடாது என்பதும் ஆணையத்தின் அறிவுறுத்தலாகும்.

இந்தக் கண்காணிப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. பணப் பட்டுவாடா புகார்களால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளின் தேர்தலும், 2017 ஏப்ரலில் சென்னை ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்து செய்யப்பட்டன. ஆயினும், சாலையில் பிடிபடுவது ரொக்கம் மட்டுமே. வங்கி வழியாகவும் கட்சிகளின் வழியாகவும் வரும் பணம் சோதனைச் சாவடிகளைக் கடப்பதில்லை.

வேட்பாளர் எழுத வேண்டிய கணக்கு

வேலந்தாவளம் அமைந்துள்ள வடகரப்பதி ஊராட்சி, சித்தூர் சட்டப்பேரவைத் தொகுதிக்கு உட்பட்டது. தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழும் தொகுதி இது. கேரளத்திலும் தமிழகத்திலும் சட்டப்பேரவைத் தொகுதியில் போட்டியிடும் ஒரு வேட்பாளர் செலவிடக்கூடிய தொகையின் உச்சவரம்பு, 2022 ஜனவரியில் ரூ.40 லட்சமாக உயர்த்தப்பட்டது. 2021 தேர்தலின்போது அது ரூ.30.80 லட்சமாக இருந்தது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 77-ஆவது பிரிவின்படி, வேட்புமனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள் வரை செய்யும் எல்லாச் செலவுகளுக்கும் வேட்பாளர் தனிக் கணக்கு வைத்திருக்க வேண்டும். 78-ஆவது பிரிவின்படி, முடிவு வெளியான 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது மாவட்ட ஆட்சியரிடம், அதை ஒப்படைக்க வேண்டும். 2021 மே 2-ஆம் தேதி முடிவு வெளியான தேர்தலுக்கு அந்தக் கெடு ஜூன் 1 ஆகும்.

இதற்காக வேட்புமனு தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்னதாகத் தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். ஒரே நாளில் ஒருவரிடமிருந்து ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாக நன்கொடையோ கடனோ பெறக் கூடாது. ஆணையம் தரும் பதிவேட்டில் அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள்கள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்புத் தாள்கள், வங்கிப் பரிவர்த்தனைக்கு மஞ்சள் தாள்கள் என மூன்று பகுதிகள் உள்ளன. பிரசாரக் காலத்தில் மூன்று முறையாவது இந்தப் பதிவேட்டை அதிகாரிகளிடம் காட்ட வேண்டும்.

வேட்பாளர் எழுதும் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க, அதிகாரிகள் நிழல் பதிவேடு ஒன்றைத் தனியே வைத்திருப்பர். நாற்காலி வாடகை, தேநீர், கொடி, ஒலிபெருக்கி என ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் நிர்ணயித்த விலைப்பட்டியலின்படி அதில் செலவு கணக்கிடப்படும்.

செலவைக் கேட்கும் சட்டம், வரவைக் கேட்பதில்லை

இங்கு ஒரு முக்கிய வேறுபாட்டைக் கவனிக்க வேண்டியுள்ளது. 77-ஆவது பிரிவு பேசுவது செலவைப் பற்றி மட்டுமே. பணம் யாரிடமிருந்து வந்தது என்று அது கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பவை தேர்தல் ஆணையத்தின் படிவங்களே. வேட்பாளர் தரும் சுருக்க அறிக்கையில் சொந்தப் பணம், கட்சி தந்த பணம், பிற தனிநபர்கள், நிறுவனங்கள், சங்கங்கள் தந்த நன்கொடை அல்லது கடன் என மூன்று அட்டவணைகள் இடம்பெறுகின்றன. மூன்றாவது அட்டவணையில் கொடுத்தவரின் பெயர், தொகை உள்ளிட்ட விவரங்களை எழுத வேண்டும்.

இதைச் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான சட்ட ஆணையம், 2015 மார்ச்சில் அளித்த தனது 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. நன்கொடையாளரின் பெயர், முகவரி, நிரந்தரக் கணக்கு எண் ஆகியவற்றை வேட்பாளர் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கும் புதிய பிரிவு ஒன்றையும், அந்தக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலர் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் எனும் மற்றொரு பிரிவையும் அது முன்மொழிந்தது. அந்தப் பரிந்துரைகள் சட்ட வடிவம் பெறவில்லை.

ஒரு ரூபாய் உரிமை

வாக்காளர்களில் பலர் அறியாத ஓர் உரிமை தேர்தல் நடத்தை விதிகள், 1961-இல் உள்ளது. வேட்பாளர் கணக்கு ஒப்படைத்தவுடன், அதுபற்றிய அறிவிப்பை மாவட்டத் தேர்தல் அலுவலர் தமது அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். 88-ஆவது விதியின்படி, ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கைப் பார்வையிடலாம். ஆணையம் நிர்ணயிக்கும் கட்டணத்தைச் செலுத்திச் சான்றளிக்கப்பட்ட நகலையும் பெறலாம்.

பார்வையிட வருபவர் அந்தத் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும் என்றோ, காரணம் கூற வேண்டும் என்றோ விதி சொல்லவில்லை. ஆகவே வேலந்தாவளத்தில் வசிப்பவர், பாலக்காடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று, சித்தூரில் போட்டியிட்ட எல்லா வேட்பாளர்களின் வரவு செலவையும் கேட்டுப் பெற முடியும். எல்லைக்கு அப்பால் உள்ளவர் கோயம்புத்தூரில் அதையே செய்ய முடியும்.

கட்சிக்கு வரம்பில்லை

வேட்பாளரின் கணக்கு முழுமையான சித்திரத்தைத் தருவதில்லை. அவர் ரூ.40 லட்சத்துக்கு மேல் செலவிட்டால் அது ஊழல் நடவடிக்கை. அவருடைய கட்சி செலவிடும் தொகைக்கோ உச்சவரம்பே கிடையாது.

இந்த வேறுபாட்டுக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. கன்வர்லால் குப்தா வழக்கில் 1974 அக்டோபரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் வேட்பாளரின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது. அதே மாதத்தில் மத்திய அரசு அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்து, கட்சியும் ஆதரவாளர்களும் செய்யும் செலவுகளுக்கு விலக்கு அளித்தது. 2003-இல் மேற்கொள்ளப்பட்ட திருத்தத்தில் இந்த விலக்கு சுருக்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் 40 நட்சத்திரப் பேச்சாளர்கள், அங்கீகாரமற்ற பதிவு பெற்ற கட்சிகளின் 20 பேச்சாளர்கள் ஆகியோரின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்பது இப்போதைய நிலை. எந்தத் தொகுதியையும் வேட்பாளரையும் குறிப்பிடாமல் கட்சி செய்யும் பொதுப் பிரசாரமும் அவர் கணக்கில் வராது.

சட்டப்பேரவைத் தேர்தல் முடிந்த 75 நாட்களுக்குள்ளும் மக்களவைத் தேர்தல் முடிந்த 90 நாட்களுக்குள்ளும் கட்சிகள் தங்கள் தேர்தல் செலவு அறிக்கையை ஆணையத்திடம் அளிக்க வேண்டும். வேட்பாளர்களுக்குக் கொடுத்த மொத்தத் தொகைகளும் அதில் இடம்பெற வேண்டும்.

அந்த அறிக்கை எவ்வளவு பயன்தரக்கூடியது என்பதற்கு 2019 மக்களவைத் தேர்தல் எடுத்துக்காட்டாகும். தேர்தல் செலவாகக் கூட்டணிக் கட்சிகளுக்கு ரூ.40 கோடி வழங்கியதாகத் திமுக தனது அறிக்கையில் தெரிவித்தது. இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு ரூ.15 கோடி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ரூ.10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசிய கட்சிக்கு ரூ.15 கோடி என்பது அதன் விவரம்.

அந்தத் தேர்தலில் இடதுசாரிக் கட்சிகள் இரண்டும் திமுக கூட்டணியில் கோயம்புத்தூர், மதுரை, திருப்பூர், நாகப்பட்டினம் ஆகிய 4 தொகுதிகளில் போட்டியிட்டன. அப்போது மக்களவை வேட்பாளருக்கான உச்சவரம்பு ரூ.70 லட்சம். அதன்படி 4 வேட்பாளர்களும் சேர்ந்து செலவிடக்கூடியது ரூ.2.80 கோடி, இரு கட்சிகளுக்கும் சென்றது ரூ.25 கோடி. பணம் வங்கி வழியாகவே பெறப்பட்டது, கணக்கில் காட்டப்பட்டது என்று அக்கட்சிகள் விளக்கமளித்தன. கட்சிச் செலவுக்கு வரம்பு இல்லாததால் இந்தப் பரிமாற்றத்துக்குச் சட்டத்தில் தடையில்லை. கொடுத்த கட்சி தானாகவே எழுதிக் கொடுத்ததால்தான் இது வெளியில் தெரிந்தது. வேட்பாளர்களின் தனிப்பட்ட கணக்குகளை மட்டும் பார்த்திருந்தால் இந்தத் தொகை புலப்பட்டிருக்காது.

ரூ.20,000 என்ற கோடு

கட்சிகளுக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதற்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவு பொருந்தும். ஒரு நிதியாண்டில் ரூ.20,000-க்கு மேல் நன்கொடை தந்தவர்களின் விவரத்தை ஆணையத்திடம் அறிக்கையாக அளிக்க வேண்டும். தவறினால் வருமான வரி விலக்கு கிடைக்காது. ரூ.20,000 வரை தருபவரின் பெயர் வெளியாக வேண்டியதில்லை. ரூ.20,000-க்கு மேல் யாரிடமிருந்தும் நன்கொடை பெறவில்லை என்று பகுஜன் சமாஜ் கட்சி தொடர்ந்து பல ஆண்டுகளாக அறிவித்து வந்துள்ளது.

இதில் கால இடைவெளியும் கவனத்துக்குரியது. 2021 ஏப்ரல் 6-ஆம் தேதி கேரளத்திலும் தமிழகத்திலும் வாக்குப்பதிவு நடைபெற்றது. அதற்கு முந்தைய சில நாட்களில், ஏப்ரல் மாதத்தில், ஒரு கட்சிக்கு வழங்கப்பட்ட நன்கொடை 2021-22 நிதியாண்டின் கணக்கில் சேரும். அந்த ஆண்டுக்கான அறிக்கை வழக்கமான கால அட்டவணைப்படி 2022 இலையுதிர் மாதங்களில்தான் ஆணையத்தைச் சென்றடையும். வாக்களித்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப் பிறகே வாக்காளருக்கு அந்தப் பெயர் தெரியவரும்.

அத்துடன், அந்த அறிக்கை கட்சி முழுமைக்குமானது. கொடுக்கப்பட்ட பணம் எந்த மாநிலத்துக்கு, எந்தத் தொகுதிக்குச் சென்றது என்று அதில் இராது.

பத்திரங்கள் திறக்கப்பட்டபோது

2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டம், கொடுப்பவர் பெயரை முற்றிலும் மறைக்க இடமளித்தது. ஜனநாயக சீர்திருத்தங்களுக்கான சங்கம், காமன் காஸ், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில், தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. கட்சிகளுக்கு நிதி தருபவர் யார் என்பதை அறிவது வாக்குரிமையைச் சரிவரப் பயன்படுத்த அவசியம் என்பது தீர்ப்பின் சாரம். நிறுவனங்கள் அளவின்றி நன்கொடை தர 2017-இல் வழிசெய்த திருத்தமும் அதனுடன் நீக்கப்பட்டது.

நீதிமன்ற உத்தரவின்படி 2024 மார்ச்சில் வெளியான பட்டியலில், ரூ.1,368 கோடிக்குப் பத்திரங்கள் வாங்கி முதலிடத்தில் இருந்தது, கோயம்புத்தூரைச் சேர்ந்த சான்டியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் அண்ட் ஹோட்டல் சர்வீசஸ் என்ற லாட்டரி நிறுவனம். பத்திரங்கள் வாயிலாகத் தான் பெற்ற ரூ.656.5 கோடியில் ரூ.509 கோடி அந்த நிறுவனம் தந்தது என்று திமுக ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. நன்கொடையாளர்களின் பெயரைத் தாமே தெரிவித்த சில கட்சிகளில் திமுகவுடன் அதிமுகவும், மதச்சார்பற்ற ஜனதா தளமும் இருந்தன. பத்திரங்களால் அதிகத் தொகை பெற்ற பாஜக உள்ளிட்ட பெரும்பாலான கட்சிகள் பெயர்களைத் தெரிவிக்கவில்லை.

தமிழகத்தில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. எல்லை தாண்டி வந்து கேரள அரசின் பரிசுச்சீட்டை வாங்கிச் செல்லும் தமிழக மக்களை வேலந்தாவளம் போன்ற ஊர்கள் நன்கு அறியும். தமிழகத்தில் சீட்டு விற்க இயலாத தொழிலில் ஈடுபட்டுள்ள நிறுவனம் ஒன்று, தமிழக அரசியல் கட்சிக்கு இவ்வளவு பெருந்தொகை தந்தது என்ற செய்தி, இடையில் நடந்த 2021 சட்டப்பேரவைத் தேர்தலில் வாக்களித்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

கணக்கு பிசகினால்?

உரிய காரணமின்றிக் கணக்கு ஒப்படைக்காத வேட்பாளரை 10ஏ பிரிவின்கீழ் மூன்று ஆண்டுகள் தகுதிநீக்கம் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி உறுப்பினர் உம்லேஷ் யாதவ், பணம் கொடுத்து வெளியிடப்பட்ட செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011 அக்டோபரில் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். கணக்கு ஒப்படைக்கப்பட்டதா என்பதை மட்டுமன்றி, அது உண்மையானதா என்பதையும் ஆணையம் ஆராயலாம் என்று அசோக் சவான் வழக்கில் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆயினும் மத்தியப் பிரதேச அமைச்சராக இருந்த நரோத்தம் மிஸ்ரா மீது 2017-இல் ஆணையம் எடுத்த இதே போன்ற நடவடிக்கையை, 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கு 2008-இல் நடந்த தேர்தல் தொடர்பானது என்பதே, இத்தகைய விசாரணைகள் எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கின்றன என்பதைக் காட்டும்.

பிற நாடுகளில்

பிரிட்டனில் வேட்பாளர் ஒருவர் 50 பவுண்டுக்கு மேல் பெறும் ஒவ்வொரு நன்கொடைக்கும் கொடுத்தவர் யார் என்பதைத் தமது கணக்கில் காட்ட வேண்டும். இலங்கையில் 2023-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம், முடிவு வெளியான 21 நாட்களுக்குள் நன்கொடை விவரங்களுடன் வேட்பாளர்கள் கணக்கு அளிப்பதைக் கட்டாயமாக்கியது.

அமெரிக்காவில் மாநிலப் பேரவை வேட்பாளர்களுக்கு ஒவ்வொரு மாநிலமும் தனிச் சட்டம் வைத்துள்ளது. கூட்டாட்சித் தேர்தல்களில் 200 டாலருக்கு மேல் தருபவரின் பெயர், முகவரி, தொழில், பணியிடம் ஆகியவை வெளியிடப்படுகின்றன. வாக்குப்பதிவுக்கு முந்தைய கடைசி 20 நாட்களில் வேட்பாளரின் பிரசாரக் குழு 1,000 டாலரோ அதற்கு மேலோ பெற்றால், 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அங்கும் பெயர் மறைத்துப் பணம் செலவிட வேறு வழிகள் உண்டு என்ற விமர்சனம் நிலவுகிறது. ஆயினும் வேட்பாளருக்கு நேரடியாகக் கிடைத்த பெருந்தொகை, வாக்குப்பதிவுக்கு முன்பே வெளியாகிவிடுகிறது.

வாக்காளர் செய்யக்கூடியது

இந்தியாவில் வேட்பாளர் கணக்குக்கு 30 நாட்கள், கட்சியின் செலவு அறிக்கைக்கு 75 நாட்கள், நன்கொடை அறிக்கைக்குப் பல மாதங்கள் என மூன்று கெடுக்களும் வாக்குப்பதிவுக்குப் பிறகே வருகின்றன. மூன்று ஆவணங்களும் வெவ்வேறு இடங்களில் சேர்கின்றன. வேட்பாளர் கணக்கில் "கட்சி தந்தது" என்று ஒரே வரியில் முடியும் தொகை, கட்சிக்கு யாரிடமிருந்து வந்தது என்பதை இணைத்துக் காட்டும் ஆவணம் எதுவும் இல்லை.

இருப்பினும், இருப்பதைப் பயன்படுத்தத் தடையில்லை. கட்சிகளின் நன்கொடை, செலவு அறிக்கைகளை ஆணையத்தின் இணையதளத்தில் காணலாம். வேட்பாளரின் கணக்கை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு ரூபாய் செலுத்திக் கேட்கலாம். கட்சி தந்ததாக வேட்பாளர் எழுதிய தொகையும், வேட்பாளருக்குக் கொடுத்ததாகக் கட்சி எழுதிய தொகையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது, எந்தத் தொகுதியின் வாக்காளரும் செய்யக்கூடிய எளிய சோதனையாகும். சாலையில் தமது பையைத் திறந்து காட்டியவருக்கு, அந்தக் கணக்கைத் திறந்து காட்டுமாறு கேட்கும் உரிமையும் உள்ளது.